உண்ணிக்கும் பூச்சிக்கும் உடுப்பைத் தயார் செய்வது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் பக்கம் வேலிக்கருவைக்கு அடியில் புல் மண்டிவிடும். ஆடு மேய்ப்பவர், விறகு வெட்டுபவர், கரிமூட்டம் போடுபவர், கண்மாய்க் கரையில் கிடை போட்டுத் தரையிலேயே படுத்துறங்கும் கீதாரி, எல்லோரும் அந்தப் புல்லில்தான் கால் வைத்தாக வேண்டும். உண்ணிக் காய்ச்சல் தலைதூக்குவதும் அந்த மாதங்களில்தான். உச்சிப்புளி, சாயல்குடி, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோரம் எங்கே இருந்தாலும் கதை ஒன்றுதான். போட்டுக்கொண்டு போகும் துணியை வீட்டிலேயே எப்படித் தயார் செய்வது, எந்த மருந்து வேலை செய்யும், எது வெறும் வாசனை, எதைத் தொடவே கூடாது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கடிப்பது யார் என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கொசுவுக்கான மருந்தைப் பூசிக்கொண்டு உண்ணிக்காட்டுக்குள் இறங்கிவிடுவோம். ஆட்டுக் காதிலும் நாயின் கால் விரலிடுக்கிலும் மிளகு மாதிரி ஒட்டியிருக்கும் உண்ணி எல்லோருக்கும் தெரிந்தது. அதுவும் சிலவகைக் காய்ச்சலைக் கொண்டுவரும், ஆனால் கண்ணில் படும், பிடுங்கிவிடலாம். நம் ஊரில் அதிகம் பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத இன்னொன்று. ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதுகிறார்களே, அதைப் பரப்புவது ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆறு கால், ஆரஞ்சு நிறம். வளர்ந்த பிறகு அது மனிதரைக் கடிப்பதில்லை, குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் எலி, பெருச்சாளி, அணில், கிடைத்தால் மனிதர் என்று ஒட்டிக்கொள்ளும். புல் நுனியிலும் சருகிலும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், காடு முழுக்க ஒரே அளவில் இருக்காது, ஒரு புதரடியில் ஆயிரக்கணக்கில் இருந்தால் பத்தடி தள்ளி ஒன்றுமே இருக்காது. அதனால்தான் ஒரே இடத்துக்கு விறகுக்குப் போன நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வருகிறது.

இந்தக் குஞ்சு பறக்காது, குதிக்காது. பாதத்தில் ஏறி மேலே ஊர்ந்து போய், துணி இறுகும் இடத்தில் நிற்கும்: இடுப்புக் கயிற்றின் கீழ், தொடை இடுக்கு, அக்குள், பெண்களுக்கு மார்புக்கு அடியில். ஆகவே துணியின் விளிம்புகளை அடைப்பதுதான் பாதி வேலை, மருந்து அதற்கு அப்புறம்தான்.

கைலி இதற்கு ஆகவே ஆகாது. கீழே திறந்து கிடக்கிற உடுப்பு, ஏறி வருவதற்கு வாசல் மாதிரி. காட்டுக்குள் போகும் நேரம் மட்டுமாவது பழைய காட்டன் பேன்ட் போடுங்கள், அதன் நுனியைக் காலுறைக்குள் திணித்து மேலே ரப்பர் பேண்டு போடுங்கள், சட்டையைப் பேன்டுக்குள் விடுங்கள். விறகு வெட்டப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வது நம் பக்கம் ஏற்கெனவே இருக்கும் வழக்கம்தான், அது முள்ளுக்காக. அதோடு சேலைக்கு உள்ளே கணுக்கால் வரை வரும் லெக்கிங்ஸும் காலுறையும் சேர்ந்தால் உண்ணிக்கும் ஆச்சு. வெயிலில் புழுங்குமே என்பார்கள், உண்மைதான், புழுங்கும். மார்கழி தையில் கொஞ்சம் தாங்கலாம். வெளிர் நிறத் துணியாக இருந்தால் பெரிய உண்ணி ஊர்வது தெரியும், சிற்றுண்ணிக்கு அது உதவாது.

இப்போது எது வேலை செய்யாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் தொடங்குவது இதில்தான். வேப்பிலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் துணியை அலசுவது, நொச்சிப் புகை காட்டுவது, பூண்டுச் சாறு, கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துத் தடவுவது: இதிலெல்லாம் இருப்பது வாசனை. வாசனை இருக்கிற வரை கொசு கொஞ்சம் தள்ளி நிற்கும், கடற்காற்றில் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். புல்தைலம், சிட்ரோனெல்லா எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆவியாகிவிடும் சரக்கு. யூகலிப்டஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸ் இலையிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய பொருள் நல்ல கொசு விரட்டி என்று ஆய்வுகளில் தேறியது, ஆனால் ஊட்டியிலிருந்து வாங்கிவரும் சளித் தைலம் வேறு மரத்தினுடையது, அதற்கு அந்த வீரியம் கிடையாது. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து தோலில் தடவினால் கொசுவுக்குக் கொஞ்ச நேரம் பலன் உண்டு. துணியில் தடவினால் கறைதான் மிச்சம். கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் எண்ணெயோ கற்பூரமோ ஊறிய துணியைப் போடவே கூடாது, ஒரு பொறி பட்டால் போதும். மண்ணெண்ணெய்க்கும் இதே பதில், அது தோலையும் புண்ணாக்கும்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஆட்டுக்கு உண்ணி போக அடிக்கிற மருந்து வீட்டில் மிச்சம் இருக்கும், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் மாதிரி. மிளகாய்க்கு அடித்த சைபர்மெத்ரின் பாட்டில் இருக்கும். "ஆட்டு உண்ணியே சாகுது, சட்டையில் தெளித்தால் என்ன" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெளிக்கக் கூடாது. வயல் மருந்தில் பூச்சிக்கொல்லியோடு கரைப்பானும் சேர்ந்திருக்கும், அது நாள் முழுக்க வியர்வையில் நனைந்த தோலில் ஒட்டிக் கிடப்பதற்குச் செய்யப்பட்டது கிடையாது, எரிச்சலும் மதமதப்பும் வரும். அமிட்ராஸ் மனிதர் உடம்பில் போனால் மயக்கம் வரை கொண்டுபோகும். ஆட்டுக்கு உள்ளது ஆட்டோடு இருக்கட்டும்.

சரி, வேலை செய்வது எது? பெர்மெத்ரின். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரம் என்ற பழைய பூச்சி மருந்தைப் பார்த்து, இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1970களின் தொடக்கத்தில் செயற்கையாக உருவாக்கியது. வெயில் பட்டவுடன் செத்துப்போகும் பூ மருந்தைவிட இது நிலைத்து நிற்கும், நூலோடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகு வாசனை இருக்காது. இது வாசனையால் விரட்டுகிற மருந்தும் இல்லை. துணியில் கால் வைத்த பூச்சியின் நரம்பைத் தாக்கும், உண்ணி கால் சுட்டதுபோல் தடுமாறி உதிர்ந்துவிடும், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் சாகும். ராணுவங்கள் சீருடையை இதில்தான் நனைக்கின்றன. துணிக்கு வேண்டிய அளவு 0.5 சதவீதம்.

மருந்துக் கடையில் சொறி சிரங்குக்கு 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் கிடைக்கும், அது உடம்பில் பூசிக் கழுவுவதற்கு, அதைக் கரைத்துத் துணியில் பூசிப் பிரயோசனம் இல்லை. துணிக்கென்றே 0.5 சதவீதத்தில் வரும் ஸ்ப்ரேயை மலையேற்றச் சாமான் விற்கும் ஆன்லைன் கடைகளில் தேடிப்பாருங்கள். இல்லையென்றால், துணி நனைக்கலாம் என்று லேபிளிலேயே எழுதியிருக்கும் தண்ணீரில் கரையும் அடர்மருந்து. லேபிளில் துணி என்ற பேச்சே இல்லாவிட்டால் வாங்காதீர்கள். லேபிள் ஒன்று சொல்லி நான் வேறு சொன்னால் லேபிள் பேச்சைக் கேளுங்கள்.

நனைக்கும் முறை இது. கொசுவலையை மருந்தில் நனைக்கும் வேலையிலும் இதே கணக்குதான், மருந்து ஒரு சொட்டுகூட மிஞ்சாது. துணியைத் துவைத்து நன்றாகக் காயவையுங்கள், கஞ்சி, கம்ஃபர்ட் எதுவும் வேண்டாம். ஒரு வாளியில் அளந்து 2 லிட்டர் வெறும் தண்ணீர் எடுத்து, பேன்ட், சட்டை, காலுறை மூன்றையும் அதில் முக்கி, தூக்கி, சொட்டாத அளவுக்கு லேசாகப் பிழிந்து அந்தத் தண்ணீரை அதே வாளியில் விடுங்கள். வாளியில் மிஞ்சியதை அளந்தால் துணி எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு 1400 மில்லி மிஞ்சினால் துணி குடித்தது 600. அவ்வளவுதான் மருந்துத் தண்ணீர் கலக்க வேண்டும். அடர்மருந்து 10 சதவீதம் என்றால் அதில் 30 மில்லி, தண்ணீர் 570 மில்லி, மொத்தம் 600, பலம் 0.5 சதவீதம். வேறு பலம் என்றால் கணக்கு இப்படி: வேண்டிய மொத்த மில்லியை 0.5 ஆல் பெருக்கி, பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், வருவதுதான் மருந்தின் அளவு. பலம் கூட்டினால் பலன் கூடும் என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்ற வேண்டாம்.

துணியை மறுபடி முழுக்கக் காயவைத்து, கிழியாத ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, கலந்ததை ஊற்றி, வாயைக் கட்டிவிட்டு வெளியிலிருந்தே பரோட்டா மாவு பிசைகிற மாதிரி பிசைந்து புரட்டுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் முழுக்கத் துணியில் ஏறிவிடும். கையில் ரப்பர் கையுறை கட்டாயம், வேலை திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். நம் கடற்கரைக் காற்றுக்கு ஸ்ப்ரே அடித்தால் பாதி மருந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அதனால் பை முறைதான் எனக்குப் பிடித்தது. ஸ்ப்ரேதான் இருக்கிறது என்றால் காற்றில்லாத விடியற்காலையில், சுவர் மறைவில் துணியைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஈரமாகிற வரை அடியுங்கள், காலுறையையும் பேன்டின் கீழ்ப்பகுதியையும் விட்டுவிடாமல்.

காயவைப்பது நிழலில். நேர் வெயில் பெர்மெத்ரினைச் சிதைக்கும், ராமநாதபுரம் வெயில் சொல்லவே வேண்டாம். முழுக்கக் காயும் வரை போடக் கூடாது. ஜட்டி, பனியன், தொப்பி, தலையில் கட்டும் துண்டு இவற்றை நனைக்க வேண்டாம், வாய் துடைக்கிற துண்டில் மருந்து எதற்கு? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டோ கர்ப்பமாக இருக்கும்போதோ இந்தக் கலக்கல் வேலையைச் செய்ய வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுங்கள்.

பூனை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மீன் வரும் வீட்டில் பூனை இல்லாமல் இருக்காது, ஈரப் பெர்மெத்ரின் பூனைக்கு எமன். அதன் உடம்பு இந்த மருந்தை உடைத்து வெளியேற்றாது, நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகும். துணி காயும் வரை பூனை நெருங்காத உயரத்தில், பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். நாய்க்கு இந்த அளவில் பயமில்லை.

அதே மாதிரி தண்ணீர். இந்த மருந்து மீன், இறால், நண்டு எல்லாவற்றுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கொல்லி. வாளி கழுவிய தண்ணீரையோ நனைத்த துணியைத் துவைத்த தண்ணீரையோ ஊரணியில், கண்மாயில், இறால் பண்ணை வாய்க்காலில், கடலில் எங்கேயும் விடக் கூடாது. கிணற்றிலிருந்தும் ஊரணியிலிருந்தும் தள்ளி ஒரு குழி வெட்டி அதில் ஊற்றி மூடுங்கள். நனைத்த உடுப்போடு கழிமுகத் தண்ணீரில் இறங்கி நண்டு பிடிக்கிறவர்களுக்கு இந்த முறையே வேண்டாம் என்பேன், அவர்களுக்குக் காலில் ஏறும் உண்ணியும் குறைவு.

ஒருமுறை வீட்டில் நனைத்தால் தோராயமாக ஆறு வாரம் அல்லது ஆறு துவைப்பு, எது முதலில் வருகிறதோ அது வரை தாங்கும். காலர் பட்டியின் உள்பக்கம் பேனாவால் தேதி போட்டு, துவைக்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தனியாக, குளிர்ந்த தண்ணீரில், லேசான சோப்பில் அலசினால் போதும், கல்லில் அடித்தால் மருந்தும் போகும். வாஷிங் சோடா, உவர்மண் இரண்டும் காரம், காரம் பெர்மெத்ரினைக் கெடுக்கும், ஆகவே இந்தத் துணிக்கு அவை கிடையாது. வேலைக்குப் போகாத நாளில் கறுப்புப் பையில் சுற்றி இருட்டில் வையுங்கள்.

பெர்மெத்ரின் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி, கொஞ்சம் பழையது. இரண்டாம் உலகப் போரில் பர்மா, நியூகினி பக்கம் சண்டை போட்ட சிப்பாய்கள் துப்பாக்கிக் குண்டைப் போலவே இந்த ஸ்க்ரப் டைபஸுக்கும் பயந்தார்கள். அப்போது சீருடையில் டைபியூட்டைல் தாலேட், பென்சைல் பென்சோயேட் போன்ற மருந்துகளைத் தேய்த்தும் நனைத்தும்தான் சமாளித்தார்கள். பென்சைல் பென்சோயேட் சிரங்கு மருந்தாக 25 சதவீத லோஷனாக இன்றும் மருந்துக் கடையில் கிடைக்கும், விலை குறைவு. ஒரு பங்கு லோஷனுக்கு நான்கு பங்கு தண்ணீர், கொஞ்சம் சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் 5 சதவீதக் கலவை வரும். காலுறையின் வெளிப்புறம், பேன்டின் கீழ் விளிம்பு, சட்டைக் கை நுனி, இந்த மூன்று இடத்தில் பிரஷால் தடவிக் காயவையுங்கள். சிற்றுண்ணிக்கு நல்ல பலன், கொசுவுக்கு அவ்வளவாக இல்லை. இடுப்புப் பகுதியில் தடவ வேண்டாம், வியர்வையில் எரியும், சிராய்ப்பு இருந்தால் துள்ள வைத்துவிடும். பூனைக்கு இதுவும் ஆகாது.

மிளகாய் போடும் வீடுகளில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் வாங்கி வைத்திருப்பார்கள். காலுறையிலும் செருப்பிலும் கந்தகத் தூளைத் தூவிக்கொண்டு புல்லில் இறங்குவது பல நாடுகளில் சிற்றுண்ணிக்கு நாட்டு வழி, ஓரளவு பலனும் உண்டு. ஆனால் கண்ணுக்குப் போனால் எரியும், இளைப்பு உள்ளவர்களுக்குக் கூடாது, மூட்டத்தின் நெருப்புக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. மூன்றாம் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொசுவுக்கு வந்தால், காரங்காடு மாதிரி அலையாத்திப் பக்கம் அந்தி நேரத்தில் மொய்க்கும் பொடிக் கொசுவும், தோப்புக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் பெருகுவதும் துணி மூடாத இடத்தைத்தான் தேடும். நனைத்த உடுப்பு அங்கே பாதிக் காவல்தான், கழுத்து, கை, கணுக்காலுக்கு டீட் (DEET) என்ற கொசு விரட்டி கலந்த கிரீம் வேண்டும். டீட் மூக்குக்கண்ணாடி பிரேமையும் வாட்ச் பட்டையையும் உருக்கும், பூசிய கையால் அவற்றைத் தொடாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு செய்வது மருந்து அளவுக்கே முக்கியம். வாசலிலேயே உடுப்பைக் கழற்றி, படுக்கைப் பக்கம் கொண்டுபோகாமல், உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். சிற்றுண்ணி ஒட்டியவுடன் ஆழமாகப் பதிந்துவிடுவதில்லை, நன்றாகத் தேய்த்தால் நிறைய உதிர்ந்துவிடும். மருந்தில் நனைக்காத கைலி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் கொதிநீரில் போடுங்கள். அந்தக் காலத்தில் உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்து வெளுத்தார்களே, அந்த ஆவியில் எந்த உண்ணியும் பிழைத்திருக்காது. வெறும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பெரிய உண்ணி சாகாமல் கிடக்கும், சூடுதான் அதைக் கொல்லும்.

உடம்பில் பெரிய உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் பீடி நெருப்பு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுங்கள், இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். எடுத்ததை நகத்தில் நசுக்காதீர்கள், ஆட்டு உண்ணியையும் அப்படித்தான்.

இவ்வளவும் செய்து காய்ச்சல் வந்தால்? கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் வரும், பெரும்பாலும் பத்து நாள் கழித்து. தலைவலி, உடம்புவலி, கடும் காய்ச்சல், எல்லாம் டெங்கு மாதிரியே இருக்கும். அப்போது அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்கு அடி, முதுகு என்று வீட்டில் ஒருவரை விட்டுத் தேடச் சொல்லுங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் வட்டமாக, நடுவில் கறுத்த பொருக்கோடு, சுற்றிச் சிவந்து ஒரு புண் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் இருக்கும் என்றும் இல்லை. கூச்சப்படுகிற இடத்தில் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், விறகுக்குப் போனேன், கிடையில் படுத்தேன் என்று நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுப்பார்கள், நேரத்தோடு ஆரம்பித்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்க ஆரம்பித்துவிடும். கடையில் நீங்களாக வாங்கிப் போடுவதும், ஒரு வாரம் கஷாயத்தில் தள்ளுவதும் நுரையீரல், சிறுநீரகம் வரை இழுத்துவிடும். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடாமல் ரத்தப் பரிசோதனை வசதி உள்ள அரசு மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.